எலக்ட்ரோஸ்டேட்டிக் ஹெட்போன் நாமே கட்டுவது: சவ்வு, ஸ்டேட்டர், அப்புறம் கையடக்க ஆம்ப்

அவிநாசி_ரோடு:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன், சாயங்காலம் வீடு வந்தால் சால்டரிங் அயர்ன்தான். சிமோய், ஓ2 என்ற இரண்டு சின்ன ஹெட்போன் ஆம்ப்பையும் கட்டி தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சாதாரண டைனமிக் ஹெட்போனுக்கு அவை தாராளமாகப் போதும். ஆனால் போன மாதம் பீளமேட்டில் ஒரு நண்பர் வீட்டில் ஸ்டாக்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பழைய எலக்ட்ரோஸ்டேட்டிக் ஹெட்போன், லாம்டா ஒன்றைக் கேட்க நேர்ந்தது. அவர் ஊர்த் திருவிழாவில் அவரே பதிவு செய்த வள்ளி கும்மியைப் போட்டார். அத்தனை பேர் ஒன்றாகக் கை தட்டும்போது என் ஹெட்போனில் அது ஒரே 'சளார்' என்றுதான் கேட்கும், அதில் கைகள் தனித்தனியாகக் கேட்டன, யார் அரை நொடி பிந்தித் தட்டினார் என்பது வரை தெரிந்தது. அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

புதிதாக வாங்கலாம் என்றால் ஹெட்போன், அதற்கென்று தனி ஆம்ப், இறக்குமதி வரி எல்லாம் சேர்த்து என் சம்பளத்துக்கு எட்டாது. அதனால் கட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். எனக்குத் தெரிய வேண்டியவை: சவ்வுக்கு என்ன ஃபிலிம் எடுப்பது, அதன் மேல் என்ன பூசுவது, 580 வோல்ட் பயாஸை, அதாவது சவ்வில் சார்ஜ் ஏற்றி வைக்கும் நிலையான வோல்டேஜை, வீட்டில் உயிருக்கு ஆபத்தில்லாமல் எப்படி உண்டாக்குவது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, இதற்கு பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப் கட்ட முடியுமா? தினமும் கோயமுத்தூர் பஸ்ஸில் போய் வருகிறேன், அந்த நேரத்தில் கேட்க ஆசை. கட்டி முடித்த பிறகு நண்பரின் லாம்டாவோடு நேர்மையாக ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி சொல்லுங்கள்.

கணபதி_காயில்:

தம்பி, ஹெட்போனை நீங்கள் கட்டிவிடலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மோட்டார் ரீவைண்டிங் தெரிந்தவர்கள் நிறைந்த ஊரில் இருக்கிறோம், இதற்கு வேண்டிய பொறுமையும் கருவியும் நம் பட்டறைகளிலேயே இருக்கின்றன. ஆம்ப்தான் நிதானமாகச் செய்ய வேண்டியது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஓட்டை போட்ட இரண்டு தகடுகள், அவைதான் ஸ்டேட்டர். நடுவில் ஒரு மெல்லிய சவ்வு, அதில் பயாஸ் வோல்டேஜால் ஏற்றிய சார்ஜ். ஸ்டேட்டர் இரண்டுக்கும் சிக்னலை எதிரெதிர் முனையாகக் கொடுத்தால் ஒன்று தள்ளும், மற்றொன்று இழுக்கும். சவ்வின் மேல் உள்ள சார்ஜ் அசையாமல் அப்படியே நின்றால் விசை சிக்னலுக்கு நேர் விகிதத்தில் இருக்கும், டிஸ்டார்ஷன் மிகக் குறைவாக வருவது இதனால்தான். 1957-இல் குவாட் நிறுவனத்தின் பீட்டர் வாக்கர் கொண்டுவந்த ஸ்பீக்கரும் இதே தத்துவம்தான், ஸ்டாக்ஸ் 1960-இல் விற்பனைக்கு விட்ட எஸ்ஆர்-1 ஹெட்போனும் இதே தத்துவம்தான்.

ஃபிலிமுக்கு 3 மைக்ரான் அல்லது அதற்குச் சற்றுக் குறைவான பிஇடி, அதாவது மைலார் தேடுங்கள். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம்தான் வரும். அதன் முன்னால் நிற்கும் மூன்றரை மிமீ காற்றின் எடையும் அவ்வளவுதான், அதனால்தான் கைதட்டல் மாதிரி திடீர் சத்தத்துக்கு இது தாமதமே இல்லாமல் அசைகிறது. மோட்டார் கெபாசிட்டரைப் பிரித்து அதில் இருக்கும் ஃபிலிமை எடுக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். அது உலோகப் பூச்சு ஏற்றிய பாலிப்ரொப்பிலீன். உலோகப் பூச்சு நன்றாக மின்சாரம் கடத்தும், கடத்தினால் சவ்வு அசையும்போது சார்ஜ் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஓடிவிடும், நாம் எதற்காக இத்தனை பாடுபடுகிறோமோ அதுவே போய்விடும். ஒரு சின்னப் பொறி வந்தாலும் அந்த இடம் பொசுங்கி ஓட்டையாகும். பிரகாசமாக இருக்கும் வெள்ளிப் போர்வை ஃபிலிமும் இதே காரணத்தால் கூடாது. சமையலறையில் உணவை மூடும் பிளாஸ்டிக் ஒட்டுத்தாள் இழுத்தால் நாளாக நாளாகத் தளர்ந்துகொண்டே போகும், அதுவும் ஆகாது.

ஸ்டேட்டருக்கு பிசிபி போதும். 1.6 மிமீ கண்ணாடி எபாக்ஸி போர்டு, அதில் நிறைய ஓட்டை, திறந்த பரப்பு முப்பது நாற்பது சதவீதம் வரட்டும். ஓட்டை விளிம்பில் பிசிறு இருந்தால் அங்கேதான் மின்புலம் குவிந்து 'ஸ்ஸ்' என்று கசியும், அதனால் நைஸான உப்புத்தாளால் தேய்த்து, சால்டர் மாஸ்க் பூச்சோடு செய்யச் சொல்லுங்கள். சவ்வுக்கும் ஸ்டேட்டருக்கும் இடையில் இருபக்கமும் 0.5 மிமீ இடைவெளி. அதே தடிமனில் எபாக்ஸி ஷீட் வாங்கி லேத் பட்டறையில் வளையமாக வெட்டிக்கொள்ளலாம், இதுதான் ஸ்பேசர். காற்று சாதாரணமாக ஒரு மிமீக்கு 3000 வோல்ட் வரை தாங்கும், 580 வோல்ட்டும் அதன் மேல் வரும் சிக்னலும் அதற்குள் அடங்கிவிடும்.

இழுவைதான் இந்தக் கட்டுமானத்தின் உயிர். சவ்வு ஒரு பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் அந்தப் பக்க ஸ்டேட்டர் இன்னும் அதிகமாக இழுக்கும், இழுவை போதாவிட்டால் போய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சத்தம் வராது. ஒரு கண்ணாடிப் பலகை மேல் ஃபிலிமைப் பரப்பி, நான்கு பக்கமும் டேப்பால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஒட்டுங்கள். அதன் மேல் மார்க்கர் பேனாவால் 100 மிமீ தூரத்தில் இரண்டு கோடு போட்டுக்கொண்டால், அது 101 அல்லது 101.5 மிமீ ஆகும்வரை இழுத்தால் போதும், குறுக்கு நெடுக்கு இரண்டு திசையிலும். பிறகு வளையத்தில் இருபத்து நான்கு மணி நேர அரால்டைட் தடவி மேலே வைத்து, எடை ஏற்றி, மறுநாள் வெட்டி எடுங்கள். இருபக்க டேப் வைத்து ஒட்டினால் நம் சித்திரை வெயிலில் மெதுவாக நழுவும்.

ஸ்டேட்டரை மூடுவதற்கு முன் ஒரு வேலை. எந்த ரீவைண்டிங் கடையிலும் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) இருக்கும், ஐந்து நிமிடம் கேட்டால் தருவார்கள். இரண்டு ஸ்டேட்டருக்கும் நடுவில் வெறும் ஸ்பேசரை வைத்து அளந்து பாருங்கள், முள் முழுக்க முடிவிலிக்குப் போக வேண்டும். போகாவிட்டால் ஃபிலிம் மேல் குற்றம் சொல்லி நேரம் வீணாக்க வேண்டாம், இன்சுலேஷனைத்தான் சரிசெய்ய வேண்டும். பூச்சின் மின்தடையையும் அதே மெகரில் பார்க்கலாம்: ஃபிலிம் துண்டில் ஒரு சதுரத்தின் எதிரெதிர் ஓரங்களில் செப்பு நாடா ஒட்டி அளந்தால் ஆயிரம் மெகா ஓம் அக்கம்பக்கம் வந்தால் நல்லது. நூறு மெகா ஓமுக்குக் கீழே வேண்டாம்.

இனி கரண்ட். பயாஸ் லைனில் 5 மெகா ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். அது இருந்தால் சவ்வை யாராவது தொட்டாலும் பாயக்கூடியது 0.1 மில்லி ஆம்பியர்தான். ஆனால் ஒரே ரெசிஸ்டரைப் போடாதீர்கள், சாதாரண கால் வாட் ரெசிஸ்டர் 250 வோல்ட்டுக்குத்தான், மூன்றை வரிசையாகப் போட்டால் ஷார்ட் ஆனாலும் தாங்கும். ஆபத்து பயாஸில் இல்லை, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஸ்டேட்டரை நேரடியாக ஓட்டும் ஆம்ப்பின் பவர் சப்ளையில் இருக்கிறது. பிளஸ் மைனஸ் 400 வோல்ட், அதற்குப் பின்னால் பெரிய கெபாசிட்டர்கள், பவரை நிறுத்திய பிறகும் அது உங்களுக்காகக் காத்திருக்கும். ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் குறுக்கே சார்ஜை வடித்துவிடும் ப்ளீடர் ரெசிஸ்டர், அளக்கும்போது ஒரு கை பின்னால், ஈரக் கையோடு மேசைக்கு வராதீர்கள், வீட்டில் தனியாக இருக்கும்போது திறக்காதீர்கள். மெயின்ஸிலிருந்து நேராக டயோட் ஏணி போட்டு பயாஸ் எடுக்கும் சர்க்யூட் நிறையச் சுற்றுகிறது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைத் தலையில் மாட்டிக்கொள்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அதனால் முதல் ஹெட்போனுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வழி போங்கள். சாதாரண ஆம்ப் ஒன்று, அதன் பின்னால் டிரான்ஸ்ஃபார்மரைத் தலைகீழாக மாட்டி வோல்டேஜை உயர்த்துவது. ஸ்டாக்ஸே எஸ்ஆர்டி-7 என்று இப்படி ஒரு பெட்டி விற்றது.

மஞ்சள்மாநகர்:

கணபதி அண்ணா சொன்னதில் இன்சுலேஷன் பகுதியைப் பிரின்ட் போட்டு மேசை மேல் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தில் எனக்கு முழு ஒப்புதல் இல்லை. கெவின் கில்மோர் என்ற ஆம்ப் வடிவமைப்பாளர் பொதுவில் கொடுத்த கேஜிஎஸ்எஸ்எச்வி மாதிரி நேரடி ஆம்ப்பைக் கேட்டவர்கள் திரும்பி டிரான்ஸ்ஃபார்மருக்குப் போவது அபூர்வம். ஆனாலும் முதல் முறை கட்டுபவருக்கு அதுவே பாதுகாப்பு, அதை மறுக்கவில்லை.

நான் சொல்ல வந்தது ஒப்பிடுவது பற்றி. நண்பர் வீட்டில் லாம்டாவைக் கேட்டு அசந்துபோனீர்கள், சரி. ஆனால் அங்கே ஆம்ப் வேறு, வால்யூம் வேறு, பதிவு வேறு. ஒரு டெசிபல் சத்தம் கூடினால்கூட நம் காது 'இது தெளிவாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். அதனால் முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். ஆம்ப் இரண்டை ஒரே ஹெட்போனில் ஒப்பிடும்போது 1 கிலோஹெர்ட்ஸ் டோன் போட்டு வெளியீட்டு வோல்டேஜை 0.1 டெசிபலுக்குள் கொண்டுவர வேண்டும். ஹெட்போன் இரண்டை ஒப்பிடும்போது அந்த அளவு சாத்தியமில்லை, பிங்க் நாய்ஸ் போட்டு மைக்கில் அளந்து ஒரு டெசிபலுக்குள் வந்தால் போதும்.

மைக்குக்குப் பெரிய செலவு வேண்டாம். போனில் சொருகும் சின்ன அளவீட்டு மைக் ஒன்று, கணினியில் ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருள். ஒரு தடித்த மரப்பலகையில் மைக் நுனி மட்டும் தெரிகிற மாதிரி துளை போட்டு, ஹெட்போனின் பேடை அதன் மேல் அழுத்தி வைத்து ஸ்வீப், அதாவது அடியிலிருந்து உச்சி வரை ஏறும் டோன், ஓட்டுங்கள். மனிதக் காதில் கேட்பது போல அந்தக் கோடு வராது, ஆனால் இடதும் வலதும் சமமா, நீங்கள் கட்டியதும் நண்பருடையதும் எங்கே பிரிகின்றன என்பது தெளிவாகத் தெரியும். குறிப்பாக பேஸ். எலக்ட்ரோஸ்டேட்டிக்கில் பேஸ் போவதற்குப் பாதிக் காரணம் பேட் சரியாக மூடாததுதான். பேடுக்கு அடியில் ஒரு ஈர்க்குச்சியைச் சொருகி மறுபடி ஸ்வீப் போட்டுப் பாருங்கள், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எவ்வளவு விழுகிறது என்று. மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் 'எலக்ட்ரோஸ்டேட்டிக்கில் பேஸ் இல்லை' என்று சொன்னால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்கச் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு கண்மூடிச் சோதனை. ஆம்ப்பை வீட்டில் வேறு யாராவது மாற்றட்டும், எது என்று சொல்லக் கூடாது, முகம் தெரியாமல் பின்னால் நிற்கட்டும். 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால் வெறும் ஊகத்தில் அப்படி வர நான்கு சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான், அப்போது வித்தியாசம் இருக்கிறது என்று நம்பலாம். எட்டு ஒன்பது என்று வந்தால் இரண்டும் உங்கள் காதுக்கு ஒன்றே. இதில் வருத்தப்பட எதுவும் இல்லை, குறைந்த செலவில் கட்டியது விலை உயர்ந்ததோடு சமமாக நிற்கிறது என்றால் அதுதான் வெற்றி.

கேட்பதற்கு கும்மி நல்ல தேர்வு. கூடவே உடுக்கையும் ஒரு தவிலும் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். உடுக்கையின் தோல் நாதம் ஏறி இறங்கும்போது நடு அலைவரிசையில் இருக்கும் மேடு பள்ளம் எல்லாம் வெளியே வந்துவிடும், தவிலின் அடிப்பக்கம் பேட் மூடலையும் சவ்வின் இழுவையையும் சொல்லிவிடும். நம் கையால் பதிவு செய்ததாக இருந்தால் உண்மையில் எப்படி ஒலித்தது என்பது நமக்கே தெரியும், அது எந்த ஸ்டுடியோ பதிவிலும் கிடைக்காத வசதி.

அவிநாசி_ரோடு:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். இரண்டு சந்தேகம். ஒன்று, பஞ்சு. எங்கள் கம்பெனியில் மட்டுமில்லை, எங்கள் வீதி முழுக்க நிட்டிங் மெஷின் ஓடுகிறது, காலையில் துடைத்த மேசை சாயங்காலம் வெள்ளையாக இருக்கும். 580 வோல்ட் சார்ஜ் ஏறிய சவ்வு அதை இழுக்காதா? இரண்டு, பூச்சு. மில்லில் சிந்தெடிக் நூலுக்குப் போடும் ஆண்டிஸ்டேட்டிக் எண்ணெய் எனக்கு எளிதாகக் கிடைக்கும், அதையே பூசலாமா? கையடக்க ஆம்ப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அது முடியவே முடியாதா?

ஆழியாறு:

முடியும். ஆனால் பஸ்ஸில் வேண்டாம் என்பேன். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் கட்டப்போவது முன்னும் பின்னும் திறந்த ஹெட்போன். வெளிச் சத்தத்தை அது துளிகூடத் தடுக்காது. டீசல் எஞ்சினின் உறுமல் உங்கள் பேஸ் முழுவதையும் தின்றுவிடும், உங்கள் பாட்டைப் பக்கத்து சீட்டுக்காரரும் கேட்பார். பஸ்ஸுக்கு உங்கள் ஓ2 ஆம்ப்பும் காதை அடைக்கும் ஒரு இயர்போனுமே சரி. ஷூர் 2015-இல் கேஎஸ்இ1500 என்று காதுக்குள் சொருகும் எலக்ட்ரோஸ்டேட்டிக்கை கையடக்க ஆம்ப்போடு கொண்டுவந்தார்கள். அதில் பயாஸ் 200 வோல்ட்தான், சவ்வு மிகச் சிறியது, காதை அடைத்துவிடுவதால் கொஞ்சம் அசைந்தாலே போதும். நாம் கட்டும் பெரிய சவ்வுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கணக்கைப் பாருங்கள். பெரிய எலக்ட்ரோஸ்டேட்டிக் ஹெட்போன் 100 வோல்ட் ஆர்எம்எஸ்ஸுக்கு ஏறக்குறைய 100 டெசிபல் தரும். கேபிளோடு சேர்த்து 120 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் என்று வையுங்கள். 300 வோல்ட்டில் 20 கிலோஹெர்ட்ஸ் ஓட்ட நாலரை மில்லி ஆம்பியர் வேண்டும். கரண்ட் ரொம்பச் சின்னது. ஆனால் அதை க்ளாஸ்-ஏ ஆம்ப்பாக (சிக்னல் இல்லாதபோதும் முழுக் கரண்ட் ஓடும் வகை) நேரடியாகக் கொடுக்கப் போனால், பிளஸ் மைனஸ் 200 வோல்ட்டில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 5 மில்லி ஆம்பியர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சேனல் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஸ்டேட்டர் இரண்டு, ஆக மொத்தம் 8 வாட். பேட்டரியிலிருந்து 400 வோல்ட்டுக்கு ஏற்றும்போது கால் பங்கு வீணாகும் என்று வைத்தால் 11 வாட்டை நெருங்கும். ஒரு நல்ல 18650 லித்தியம் செல்லில் இருப்பதும் அவ்வளவு வாட்-மணிதான். அதாவது ஒரு செல்லுக்கு ஒரு மணி நேரம், கையில் சூடான பெட்டி வேறு.

அதனால் பேட்டரிக்கு டிரான்ஸ்ஃபார்மர்தான் வழி. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் கரண்ட் எப்போது வரும் போகும் என்று சொல்ல முடியாது, அங்கே கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பதற்காகவே இப்படி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன். பாக்கெட்டில் போக முடியாது, துணிப்பையில் போகும்.

இரண்டு லித்தியம் செல் வரிசையாக, டிடிஏ7266 ஆம்ப் சிப், அதன் பின்னால் சேனலுக்கு இரண்டு சின்ன டொராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்). ஒவ்வொன்றும் 230க்கு 12 வோல்ட். 12 வோல்ட் பக்கங்கள் இரண்டையும் பேரலலாக ஆம்ப்பில் கொடுங்கள், 230 பக்கங்களை வரிசையாக இணையுங்கள், நடுச் சந்திப்புதான் பயாஸின் கிரவுண்ட். மொத்தத்தில் 38 மடங்கு ஏற்றம். சிப் நாலரை வோல்ட் கொடுத்தாலே 170 வோல்ட் வந்துவிடும். இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் போடுவதில் இன்னொரு நன்மை: 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த கோர், வோல்டேஜ் பாதியானால் பாதி அலைவரிசை வரை நிறையாமல் தாங்கும். 100 வோல்ட் வெளியீட்டை இரண்டும் பங்கிட்டுக்கொண்டால் 11 ஹெர்ட்ஸ் வரை பிரச்சினையில்லை. ஒரே டிரான்ஸ்ஃபார்மர் என்றால் 22-இலேயே நின்றுவிடும்.

டொராய்டு டிசி கரண்டைச் சற்றும் தாங்காது. சிப்பின் ஆஃப்செட் ஐம்பது மில்லிவோல்ட் இருந்தாலே கோர் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், அதனால் 12 வோல்ட் பக்கத்துக்கு முன்னால் முனையில்லா கெபாசிட்டர் 1000 மைக்ரோஃபாரட் அளவிலும், அதோடு ஒரு மூன்று ஓம் ரெசிஸ்டரும் போடுங்கள். க்ளாஸ்-டி போர்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைப் போட நினைப்பீர்கள். அதன் ஃபில்டர் இந்த மாதிரி லோடுக்குச் செய்தது இல்லை, மேல் அலைவரிசையில் கோடு எகிறும். ஏபி சிப்பே நல்லது.

பயாஸுக்கு ஒரு 555 டைமர், சின்ன காயில், அதன் பின்னால் காக்கிராஃப்ட்-வால்டன் ஏணி, அதாவது டயோடும் கெபாசிட்டரும் அடுக்கி வோல்டேஜை ஏற்றும் சர்க்யூட். அது எடுக்கும் கரண்ட் கண்ணுக்கே தெரியாது, சவ்வு எதையும் செலவழிப்பதில்லை. அளக்கும்போது மட்டும் கவனம். சாதாரண மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். 5 மெகா ஓம் ரெசிஸ்டருக்குப் பின்னால் வைத்து அளந்தால் 580 இருக்க வேண்டிய இடத்தில் 387 காட்டும், பயாஸ் குறைகிறது என்று நினைத்து ஏற்றிவிடாதீர்கள். ரெசிஸ்டருக்கு முன்னால் அளக்க வேண்டும்.

கணபதி_காயில்:

ஆழியாறு சொன்ன இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பு அருமையான யோசனை, அதையே செய்யுங்கள் தம்பி. மஞ்சள்மாநகர் சொல்வது போல நேரடி ஆம்ப் இன்னும் மேலே போகும் என்பது உண்மைதான், ஆனால் வாழ்நாளில் முதல் தடவை 400 வோல்ட்டோடு பழகுவதற்கு ஹெட்போன் ஆம்ப் நல்ல இடமில்லை.

பஞ்சு விஷயம் நீங்கள் பயப்படுவது சரியானது. இழுக்கும், நிச்சயமாக இழுக்கும். அரை மிமீ இடைவெளியில் ஒரு பஞ்சு இழை நின்றால் முதலில் 'கிர்ர்' என்று ஒரு சின்னச் சத்தம், ஈரப்பதம் ஏறும்போது அந்த இழை வழியாகச் சார்ஜ் கசிந்து அந்தப் பக்கச் சத்தம் மெல்லக் குறையும். ஒரு காது மட்டும் சத்தம் குறைவு என்று வரும் குறைகளில் பெரும்பாலும் இதுதான் காரணம். அதற்கு வழி: ஸ்டேட்டரின் வெளிப்பக்கம் இரண்டிலும் உங்கள் சவ்வு ஃபிலிமிலேயே, பூச்சு இல்லாமல், தளர்வாக ஒரு தூசித் திரை ஒட்டுங்கள். ஒலி அதன் வழியே தடையில்லாமல் போகும். திரை இறுக்கமாக இருந்தால் அதுவே தனியாக அதிரும், அதனால் தளர்வாக. பேட் பக்கம் திரை இல்லாமல் விட்டால் காது வியர்வையும் உள்ளே போகும். மூடி ஒட்டும் வேலையை மட்டும் உங்கள் வீதியில் செய்யாதீர்கள், மழை பெய்து ஓய்ந்த இரவில் அல்லது பாத்ரூமில் வெந்நீர் திறந்துவிட்டு ஆவி அடங்கிய பிறகு செய்தால் காற்றில் தூசி இருக்காது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது இந்த வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

மில் எண்ணெய் வேண்டாம். அந்த வகைப் பொருள்கள் பெரும்பாலும் காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துக்கொண்டுதான் மின்சாரம் கடத்துகின்றன. மில்லுக்குள் ஹியுமிடிஃபயர் போட்டு ஈரத்தை ஒரே அளவில் வைத்திருப்பார்கள், அங்கே அது வேலை செய்யும். நம் வீட்டில் பங்குனி சித்திரையில் காற்று காய்ந்துபோனால் பூச்சின் தடை எக்கச்சக்கமாக ஏறி, ஹெட்போனை ஆன் செய்து பத்து நிமிடம் ஆனாலும் சார்ஜ் முழுதாக ஏறாது. ஐப்பசி மழையில் அதற்கு நேர்மாறு. எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும், காய்ந்து கெட்டியாகும் ஆண்டிஸ்டேட்டிக் ஸ்ப்ரே ஏதாவது எடுத்து, ஒரு துண்டில் பூசி, வெயில் நாளில் ஒரு முறையும் மழை நாளில் ஒரு முறையும் மெகரில் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கிராஃபைட் தூளைப் பஞ்சால் தேய்ப்பதும் பழைய முறைதான், ஆனால் 3 மைக்ரானில் கை கொஞ்சம் அழுந்தினாலும் கிழியும், தடையும் இடத்துக்கு இடம் மாறும்.

அவிநாசி_ரோடு:

சரி அண்ணா, பஸ் ஆசையை விட்டுவிட்டேன், ஆழியாறு அண்ணன் சொன்ன பேட்டரிப் பெட்டியைக் கட்டுகிறேன். டொராய்டு ரெடிமேடாக வாங்குவதா, காந்திபுரத்தில் சுற்றித் தரச் சொல்வதா? சுற்றச் சொன்னால் என்ன சொல்லிக் கேட்பது?

கணபதி_காயில்:

ரெடிமேட் 15 விஏ கிடைத்தால் அதையே வாங்குங்கள், நான்கும் ஒரே லாட்டில் இருக்கட்டும். கிடைக்காவிட்டால் சுற்றச் சொல்லலாம், ஆனால் சதுர கோர் வேண்டாம், அதிலும் இரண்டு சுற்றையும் தனித்தனிப் பாபினில் சுற்றினால் மேல் அலைவரிசை போய்விடும். டொராய்டில் 230 பக்கத்தை முதலில் கோர் முழுக்கச் சீராகச் சுற்றி, நல்ல மைலார் டேப் நான்கு அடுக்கு போட்டு, அதன் மேல் 12 வோல்ட் சுற்றையும் முழு வட்டத்துக்கும் பரப்பிச் சுற்றச் சொல்லுங்கள். ஓர் ஓரத்தில் குவித்துவிட்டால் லீக்கேஜ் கூடும். இரண்டு சுற்றுக்கும் இடையே 1000 வோல்ட் மெகர் போட்டுக் காட்டச் சொல்லி, அதைக் கண்ணால் பார்த்த பிறகு காசு கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நான்கிலும் 12 வோல்ட் பக்கம் ஒரு வோல்ட் ஏசி கொடுத்து 230 பக்கம் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் ஜோடி ஜோடியாக இணைக்கலாம். இணைத்த பிறகு நடுச் சந்திப்பிலிருந்து இரு முனைக்கும் வோல்டேஜ் சமமாகவும், முனைக்கு முனை அதன் இரட்டிப்பாகவும் வர வேண்டும். பூஜ்யம் வந்தால் ஒன்றின் முனை தலைகீழாக இருக்கிறது, மாற்றிக் கட்டுங்கள்.